பதினேழில் மூன்று

யெரெவானில் அந்தக் குளிர்காலம்
நாளுக்கு ஒரு மணி நேரம்தான் மின்சாரம்.
எந்த மணி என்று யாருக்கும் தெரியாது.
சமையலறை பல்பின் சுவிட்சைப்
போட்டபடியே விட்டுவிட்டுப் படுப்போம்,
கோட்டோடு, தொப்பியோடு,
நடுவில் குழந்தை.

இரவு இரண்டேகாலுக்கு
இமைகளுக்குள் சிவக்கும்.
ஐந்தாம் மாடியில் யாரோ கத்துவார்கள்:
லூய்ஸ எகாவ்! வெளிச்சம் வந்துருச்சு!
கட்டடம் முழுக்கக் காலடி.

முதல் வாரம் நாங்கள் பேராசைக்காரர்கள்.
இஸ்திரிப் பெட்டி, துணி இயந்திரம், தொலைக்காட்சி,
தரைவிரிப்பை உறிஞ்சும் அந்த ரஷ்ய யானை,
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓடவிட்டோம்.
ஃபியூஸ் போனது.
மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு கம்பி தேடினோம்.
கிடைத்தபோது மணி மூன்றேகால்.
பாதி துவைத்த சட்டைகள் தண்ணீரிலேயே கிடந்து
காலையில் பனிக்கட்டிக்குள் கைநீட்டி நின்றன.

வேலையில்லாமல் நின்ற குளிர்பதனப் பெட்டியின் கதவில்
கரித்துண்டால் எழுதினேன்:
செய்ய வேண்டியவை, பதினேழு.
ஒவ்வொரு இரவும் வார்ட்கெஸ் ஈர விரலோடு வருவான்.
முதலில் போனது இஸ்திரி.
ஊரே கசங்கித்தான் நடந்தது.
செய்திகள் போயின. செய்தி என்ன,
இருட்டு என்பதுதானே.
வெள்ளிக் கரண்டிகளைத் துலக்குவது என்று ஒரு வரி.
எழுதியது நானேதான். இன்னும் வெட்கம்.
தையல் இயந்திரத்தை
அழித்து, எழுதி, மறுபடி அழித்து,
அன்றைக்கு யாரோடும் பேசவில்லை.

கடைசியில் மூன்று நின்றன.
ரொட்டி.
ஸோரிக்குக்கு வெந்நீர்.
மூன்றாவது அவன் கையெழுத்தில்:
சதுரங்கம், ஐந்து நகர்த்தல்.

இதெல்லாம் ஒரு அவசியமா என்று சண்டை போட்டேன்.
பதில் சொல்லவில்லை.
ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளிவிட்டு
என்னைப் பார்த்தான்.
ரொட்டி வேக நாற்பது நிமிடம்.
அவன் புருவத்தில் ஒரு தழும்பு.
கல்யாணமாகி ஆறு வருடத்தில்
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது மின்சாரம் போவதே இல்லை.
நாள்தான் எங்கே போகிறதென்று தெரியவில்லை.
காலையில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
மதியம் பார்த்தால்
யாரோ ஒருத்தியின் சமையலறை ஓடுகளை,
எனக்குச் சேராத அளவில் தள்ளுபடிக் காலணிகளை
விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.
துணி இயந்திரம் துவைத்து முடித்துப் பாட்டுப் பாடுகிறது.
கெட்டில் கூப்பிடுகிறது. கைப்பேசி கூப்பிடுகிறது.
வார்ட்கெஸ் அடுத்த அறையில்தான்,
அவனும் ஒரு திரைக்குப் பின்னால்.
சல்லடையில் அள்ளுகிறேன், தண்ணீரை.

செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி,
நாற்காலி போட்டு ஏறி
மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன்.

எதிர்வீட்டு பெர்சாபே கதவைத் தட்டினாள்.
"உங்களுக்கு மட்டும் கரண்டு போயிடுச்சா?"
"இல்லை," என்றேன். "இப்பத்தான் வந்தது."
என் தோளுக்கு மேலாக
வார்ட்கெஸிடம் ஏதோ சைகை செய்தாள்,
டாக்டரிடம் காட்டு என்பது போல.

கேஸ் அடுப்பில் ரொட்டி.
கைப்பேசியில் பதினோரு சதவீதம்.
மார்செய்யில் இருக்கும் ஸோரிக்குக்கு அது தாராளம்.
குளித்தாயா என்று கேட்டேன்,
முப்பத்தைந்து வயதுக்காரனை.
சிரித்தான். பிறகு, "இல்லை," என்றான்.

அலமாரி மேலிருந்து பலகை இறங்கியது.
கறுப்புக் குதிரை ஒன்றைக் காணோம்.
அந்தக் கட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் கொட்டையை வைத்தான்.
"இது எப்படிப் போகும்?"
"குதிரை மாதிரிதான். சொன்னால் கேட்கும்."

மெழுகுவத்தி விரலளவு இருந்தது.
ஐந்து நகர்த்தலுக்குப் போதும்.
நாங்கள் ஏழு ஆடினோம்.