எம் வரிசை, பதினான்கு

என் கையிலிருக்கும் ஸ்கேனருக்குத் தெரிந்தது இரண்டே சொற்கள்.
ஒன்று பச்சை. மற்றது சிவப்பு.

ஏழரைக்கு வந்த பையனுக்குப் பச்சை.
பின்னாலேயே டண்டீயிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்குச் சிவப்பு.
அதே எம் வரிசை, அதே பதினான்கு:
ஒரே படத்தை எத்தனை பேருக்கு விற்றானோ.
அவர் திட்டினார். திட்டிலும் ஒரு தாளம் இருந்தது,
டிரம்ஸ் வாசிப்பவராக இருக்கலாம்.

எட்டுக்குச் சற்று முன், நனைந்த கோட்டுடன் ஒருத்தி.
நான் பெயர் கேட்கவில்லை.
"செங்கா மெக்ரோரி, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்" என்றாள்,
வேலை கேட்டு வந்தவள்போல.
அறுபது பவுண்டு டிக்கெட்டுக்கு இருநூற்று நாற்பது கொடுத்திருக்கிறாள்.
விற்பனை தொடங்கிய காலையில்
வரிசையில் நாற்பத்தோராயிரமாவது ஆள் என்று காட்டியதாம்.
அவள் முறை வருமுன்
விரலே இல்லாத எதுவோ அள்ளிப் போயிருந்தது.

எம் பதினான்கு. சிவப்பு.
மறுபடி வைத்தேன். சிவப்பு.
கண்ணாடியில் ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு
சட்டைக் கையால் துடைத்து வைத்தேன்.
சிவப்பு.

என் தலைக்கு மேல் பலகை சொல்கிறது: ஹவுஸ்ஃபுல்.
என் முதுகுக்குப் பின்னால், கதவிடுக்கில்,
பால்கனி முழுக்க மடக்கியபடியே நாற்காலிகள்.
முந்நூறு சொல்லி, இருநூற்றைம்பதுக்கு இறங்கி,
கடைசிவரை படியாமல் போனவை.
அவனுக்கு நட்டமில்லை;
மற்றவற்றில் எப்போதோ போட்டதை எடுத்துவிட்டான்.
நட்டம் மேடையில் நிற்பவளுக்கு.
அந்த ஓட்டைகளைப் பார்த்துத்தான் அவள் பாட வேண்டும்.

மேலாளர் மர்டோவிடம் கேட்டேன்.
"காலி நாற்காலியும் யாரோ ஒருவருடையதுதான்" என்றார்.
சட்டப்படி சரி.
அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

செங்கா வீட்டுக்குப் போகவில்லை.
சோடாவில் வெளுத்த விரல்களைப் பக்கச் சுவரில் பதித்து நின்றாள்.
பாஸ் கிதார் செங்கல் வழியாக வருமாம்.
டண்டீக்காரர் குடை பிடித்திருந்தார்,
ஒரே நாற்காலிக்குக் காசு கொடுத்த உறவில்.

எட்டே காலுக்கு எனக்குப் பத்து நிமிட ஓய்வு.
அவசர வழிக் கதவைத் திறந்து,
சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்து,
"சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன்" என்று உரக்கச் சொல்லி,
சாலையைத் தாண்டிப் போய்
கிளைட் ஆற்றைப் பார்த்தபடி நின்றேன்,
மழையில், வெறுங்கையோடு.

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.
மர்டோவுக்கும் தெரியும்.