நிகர எடை

லாரி மேடையில் ஏறி நின்றதும்
சிவப்பு எண்கள் துள்ளும்:
பதினெட்டாயிரத்து நானூற்று இருபது, நாற்பது,
பத்து, மறுபடி நாற்பது.
ஜன்னல் வழியே கை நீட்டிச் சொல்வேன்:
"இன்ஜினை ஆஃப் பண்ணுப்பா."
வண்டி அடங்கும். எண் நிற்கும்.
சீட்டு அடிப்பேன்.
ராணிப்பேட்டை சிப்காட் சாலையில்
பதினாறு வருடமாக இதுதான் வேலை.

என் மார்புக்குள் ஓடுவதை
அப்படி அணைக்கச் சொல்ல முடியாது.

முதல் தடவை, உப்புத்தோல் லோடு வந்த ராத்திரி,
மேடைதான் அதிர்கிறது என்று நினைத்தேன்.
லாரி போய்விட்டது.
அதிர்வு போகவில்லை.

வேலூரில் சின்ன டாக்டர் ஈசிஜி தாளை விரித்து
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்.
சவரிமுத்து அதை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்,
மூன்று எழுத்து தப்பாக.
"மேல் அறை துடிக்கலம்மா, நடுங்குது.
நடுங்கினா ரத்தம் தேங்கும். தேங்கினா கட்டும்.
கட்டி மூளைக்குப் போனா..."
மீதியைச் சொல்லாமல்
பேனாவுக்கு மூடி போட்டார்.

அன்றிலிருந்து மாத்திரை.
ஒன்று, ரத்தம் கட்டாமல் இருக்க.
பல் துலக்கினால் எச்சில் சிவக்கிறது.
பஸ் கம்பி இடித்த இடம் பத்து நாளைக்குக்
கத்தரிக்காய் நிறம்.
இன்னொன்று, ஓட்டத்தை மட்டுப்படுத்த.
அது என்னையும் சேர்த்து மட்டுப்படுத்துகிறது:
மாடிப்படி பாதியில் நின்று
எதற்கு ஏறினேன் என்று யோசிக்கிறேன்.
மே மாத மத்தியானத்தில் என் விரலைத் தொட்டுவிட்டு
"ஏசி ரூம்ல வேலையா உனக்கு?" என்றாள்
பக்கத்து சீட்டுக்காரி.

மூன்றாவதுதான் தகராறு.
அதை விழுங்கிய ஏழு மாதமும்
நெஞ்சு சொன்னபடி கேட்டது, பொய் சொல்லக்கூடாது.
ஆனால் வெயில் பட்ட கழுத்து எரிந்தது.
இந்த ஊரில் வெயில் படாமல் எங்கே போய் நிற்க?
இரவு ஷிப்டில் வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றையும் சுற்றி
நீல வளையம்,
மாதா படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அதுபோல.
ஆட்டுத்தோல் நாற்றத்தோடு வந்த ஏழுமலை வண்டிக்கு
ஒளிவட்டம்!
சிரித்தேன்.
அப்புறம் சிரிப்பு வரவில்லை.
தைராய்டு ஏறியிருக்கு என்றார்கள்.
நுரையீரலையும் படம் எடுக்கணும் என்றார்கள்.
"தொடரலாம், நிறுத்தலாம். நீங்களும் யோசிச்சு சொல்லுங்க."

எடை போடத் தெரியாதவளா நான்?
மொத்தத்தில் வெற்று வண்டியைக் கழித்தால் சரக்கு.
இதில் எது வண்டி, எது சரக்கு?
சீராக ஓடும் நெஞ்சு இத்தனை கிலோ,
கண்ணும் கழுத்தும் மூச்சும் இத்தனை கிலோ என்று
ஆர்க்காடு வரை கழித்துக் கழித்துப் பார்த்தேன்.
வராமல் போன பக்கவாதத்தை
எந்த மேடையில் ஏற்றுவது?

பாலாற்றுப் பாலத்தில் சொன்னேன்:
"மூணாவது வேணாம்னு சொல்லப்போறேன்.
நடுங்கினா நடுங்கட்டும்.
ரத்தம் நீர்க்குற மாத்திரையை மட்டும் விடமாட்டேன்."
மருந்துப் பையை முட்டை மாதிரி
மடியில் பிடித்திருந்தார் சவரிமுத்து.
பதிலே இல்லை.
முத்துக்கடையில் இறங்கும்போது கேட்டார்:
"அப்போ முருங்கைக்கீரை?"
"வாரம் ஒரு நாள். அதே கைப்பிடி."
டாக்டரும் தாளைப் புரட்டிப் பார்த்து, சரி என்றார்.

நேற்று ராத்திரி இரண்டேகாலுக்கு அது வந்தது.
தொண்டைக்குக் கீழே
சாக்கில் கட்டிய கோழி.
வெளியே ஏழுமலை இன்ஜினை அணைத்துவிட்டு
ஜன்னலுக்கு வந்தான்.
"இன்னாம்மா, சீட்டு குடுக்கல?"
மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
"இருப்பா. நிக்கட்டும்."

அவன் எட்டி எண்ணைப் பார்த்தான்.
அது எப்போதோ நின்றிருந்தது.