கீழ்க்காடு, மேக்காடு

பத்திரம் நாலு பக்கம்.
கீழ்க்காடு பெரியண்ணனுக்கு, வாய்க்கால் பாசனத்தோடு.
மேக்காடு சின்னண்ணனுக்கு, கிணற்றில் பாதி உரிமையோடு.
எனக்கு நகை போட்டாகிவிட்டது என்று ஒரு வரி.

நரசீபுரத்தில் இரண்டுக்கும் நடுவே
இட்டேரி வழியாக ஒன்றரை மைல்,
முந்நூறு அடி ஏற்றம்.
சர்வேயர் ஏற்றத்தை எழுதவில்லை.
சென்ட் கணக்கில் மேடென்ன, பள்ளமென்ன.

ஒரே தாய்க்கொடியின் விளாறுகள்தான் இரண்டிலும்.
கவாத்து வெட்டுவதும் ஒரே ஆறுக்குட்டி, ஒரே கத்திரி.

கீழே கரிசல்.
மழை பெய்தால் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.
பழம் கோலிக்குண்டாய் ஊதி, தோல் மெலிந்து,
கேட்பதற்கு முன்பே இனிக்கும்.

மேலே சரளை.
கடப்பாரை வெங்கச்சங்கல்லில் பட்டுப் பொறி பறக்கும்.
நாலடியில் பாறை,
அதன் வெடிப்பில் விரல்விட்டுத் துழாவுகிறது வேர்.
ராத்திரியானால் வெள்ளியங்கிரிக் காற்று இறங்கிவந்து
காயின் மேல் கைவைத்து
இரு, என்ன அவசரம் என்கிறது.
பதினெட்டு நாள் பிந்தித்தான் கறுக்கும்.
சுண்டைக்காய் அளவு.

மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருஷம்.
ஊரான் மண்ணையெல்லாம் சலித்து
தழை, மணி, சாம்பல் என்று அட்டை எழுதித் தருகிறவள்.
அட்டையில் நாக்குக்குக் கட்டம் கிடையாது.

அதனால் வருஷத்துக்கு இரண்டு ஜாடி,
கழுத்தில் வேட்டித் துணி கட்டி, கட்டிலுக்கு அடியில்.
கீழ்க்காடு மறுநாளே மொடமொடவென்று பேசத் தொடங்கும்.
மேக்காட்டுக்கு நாலு நாள் வாயே திறக்காது.

கீழ்க்காட்டு ஒயின் பழுத்த நாவல், கொஞ்சம் கருப்பட்டி.
நல்ல மனுஷன் மாதிரி. விழுங்கினால் மறந்துபோகும்.
மற்றது முதலில் பல்லைப் பிடித்து இழுக்கும்,
அப்புறம் கோடைமழை பட்ட கல்லின் மணம்,
அப்புறம், எல்லாம் முடிந்துவிட்டது என்று டம்ளரைக் கழுவும்போது
தொண்டையில் ஒரு இனிப்பு.

ஒரு வருஷம் இரண்டையும் கலந்தேன்.
யாருடையதும் இல்லாத ருசி.
முருங்கைக்கு ஊற்றிவிட்டேன்.

போன மார்கழியில் பெரியண்ணன் வந்தார்.
வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம்.
எதுவென்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்தார். முகம் சுளித்தார்.
டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நம்ம மேக்காட்டுதா?"

நம்ம.
நான் திருத்தவில்லை.

"புளிப்பு சாஸ்தியாட்டருக்குது" என்றார்.
டம்ளரை நீட்டினார்.