வியாழன் இரவு, பெட்டி சுரண்டும்போது

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன்,
ஷட்டர் பாதி இறங்கியதும்
ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவேன்.
உள்சுவர் நான்கிலும் ஒரு விரல் தடிப்புக்குப் பனி.

"பெட்டி லீக்," என்பார் தியோ முதலாளி.
லீக் இல்லை.
ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இதற்குள் போனதில்லை.
மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும்
பகாவ் காற்று ஒரு கை உள்ளே விழுகிறது:
மழை விட்ட தார்ச்சாலை,
செம்பனை ஆலையின் புளித்த ஆவி,
மூன்று வெள்ளிக்கும் நான்கு வெள்ளிக்கும் நடுவே
முடிவெடுக்க முடியாத பிள்ளைகளின் வாய்ச்சூடு.

விழுந்தது நீராகக்கூட நிற்பதில்லை.
ஆவி, அப்படியே, கல்.
நிச்சயம் நின்ற அன்று
என் தங்கை ராஜமலர் இறுகிப்போனாளே,
நடுவில் அழுகை என்று ஒன்று இல்லாமல்,
அப்படி.

மஹ்சூன் நாலு மணிக்கு வருவான்.
லொம்போக்காரன், குலை வெட்டுகிறவன்,
தோளில் பாளைத் தூசி.
மூடியைத் தூக்கி முகத்தை உள்ளே விட்டு
இருபதுவரை எண்ணுவான், அவன் மொழியில்.
பிறகு ஐம்பது சென் ஐஸ் குச்சி ஒன்று.
சில நாள் அதுவும் இல்லை.
"கரண்ட் காசு அவனா கட்டுவான்?"
முதலாளி என்னைத்தான் கேட்பார்.
நான் பிஸ்கட் டின்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரியில் பெர்மிட் முடிந்து போய்விட்டான்.
அதற்குப் பிறகு எட்டுத் தடவை சுரண்டியாயிற்று.
கணக்குப்படி
அவன் மூச்சில் இம்மியும் இங்கே மிச்சமில்லை.
வாளியில் கிடப்பது வேறு யார் யாரோ,
சாம்பல் நிறத்தில், கொஞ்சம் ஆலை நாற்றத்தோடு.

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன்.
வழுவழுப்பான இடத்தில் பனி முதலில் உட்காராது.
பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு தூசி வேண்டும்,
இல்லையென்றால் ஒரு கீறல்.
கீறல்களெல்லாம் என் சுரண்டி போட்டவை.
துடைக்கத் துடைக்க
அது வந்து உட்கார இடம் செய்துகொடுத்திருக்கிறேன்.

வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன்.
பிளக்கைச் செருகினேன். பெட்டி உறுமியது.
சாமான் அடுக்கும் முன்,
சுவர் மறுபடி விரலைக் கடிக்கிறதா என்று பார்த்து,
முகத்தை உள்ளே விட்டு
எண்ணத் தொடங்கினேன். சத்து, டுவா, தீகா.

பதினொன்றில் முதலாளி இருமினார்.