ஏழில் எது

சல்லியில், கருவாடு காயும் முற்றத்தில்
பிளாஸ்டிக் கதிரை எனக்கு.
அவர் இருந்தது கவிழ்த்த மீன்பெட்டியில்.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
எழுதினேன்: 0417, பெண், ஐம்பத்தொன்று.

"கடந்த இரண்டு வாரங்களில்
எவ்வளவு கவலையாக உணர்ந்தீர்கள்?
ஒன்று என்றால் இல்லவே இல்லை.
ஏழு என்றால் தாங்க முடியாத அளவு."

கொழும்பில் மூன்று பேர் ஒரு மாதம் இருந்து
மொழிபெயர்த்து, திருப்பியும் மொழிபெயர்த்து,
ஒத்துப்பார்த்து அனுப்பிய வசனம்.
அவர் ஒரு நெத்தலியின் தலையைக் கிள்ளிப் போட்டார்.

"கவலை எண்டு ஒண்டும் இல்லப் பிள்ளை.
யோசினைதான்."

யோசினைக்குப் பெட்டி இல்லை.
இருப்பவை கவலை, பயம், கோபம், வெறுமை,
திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுதல்.
போன கிழமையே பேராசிரியரிடம் கேட்டிருந்தோம், திரை வழியே.
"யோசிப்பது நல்ல பழக்கம் அல்லவா,
அதை எப்படி அறிகுறி என்பது?" என்றார்.
சிரித்தோம். இணைப்பு அறுந்துவிட்டது.

மத்தியானம் பஸ் நிலையத்தில் ஹிதாயா.
கிண்ணியாப் பக்கம் அவளுக்கு, இந்தப் பக்கம் எனக்கு.
ரோல்ஸைப் பிய்த்துப் பாதியைத் தந்தபடி
"அங்கயும் அதுதான்" என்றாள்.
"பதினொரு பேர். ஒராள் யோசினைகள் எண்டு சொன்னா.
பன்மையில."
காலடியில் ஒரு மான்
யாரோ போட்ட லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நின்றது.
மூதூர் பஸ் காதுக்குள் ஹோர்ன் அடித்தது.
நாங்கள் இரண்டு பேரும் துள்ளிப்போனோம்.
மான் நிமிரவே இல்லை.
பதினான்காம் கேள்வியை
ஆரிட்டக் கேக்கிறது என்று ஹிதாயா கேட்டாள்.

பின்னேரம் திரும்பிப் போனேன், மிச்சக் கேள்விகளோடு.
முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டினேன்.
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும்
ஏழு மஞ்சள் வட்டங்கள்.
அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.
அங்கே அச்சகத்தின் தொலைபேசி எண்.

"ஏழெண்டா கன்னியாவில இருக்கு.
அவற்ற முப்பத்தோராம் நாள் முடிச்சுப்போட்டு
ஏழிலயும் அள்ளி வாத்தனான்.
ஒண்டு பச்சத்தண்ணி மாதிரி.
ஒண்டு பொறுக்கேலாது.
வாத்து முடிஞ்சாப் பிறகு
எது எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு
உடம்புக்குத் தெரியுமே?"

நான்கு என்று போட்டேன்.
நடு எண்.
அவர் சொல்லாததுக்கும் எனக்கு விளங்காததுக்கும்
பொதுவாக ஒன்று.

வெளிக்கிடும்போது கேட்டார்,
"அப்ப, உமக்கு எத்தினை?"
காலில் கிடந்த செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

ஞாயிறு கன்னியா.
டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று.
ஈர பெனியனோடு ஒரு பொடியன்
ஐயோ சுடுது சுடுது என்று கத்தியபடியே
இன்னும் ஒரு வாளி கேட்டான்.
ஓரத்துக் கிணற்றில் கை விட்டேன். மூன்று என்றது கை.
அடுத்தது ஐந்தாக இருக்கலாம்.
அதற்கடுத்ததை அளக்க
முன்னிரண்டின் சூட்டையும் சுமந்துகொண்டு போனது.
சந்தேகத்தில் முதலாவதற்கே திரும்பி வந்தேன்.
அது குளிர்ந்து கிடந்தது.
கிணறு அதே கிணறு.

திங்கட்கிழமை தரவு துப்புரவு.
'மற்றவை' நிரலில் அறுபத்துமூன்று பேர்,
யோசினை, யோசின, ஜோசன,
எல்லாவற்றின் கீழும் சிவப்புக் கோடு.
கவலையோடு சேர்த்துவிடுங்கள் என்று கடிதம் வந்திருந்தது.
நல்ல மனுஷர், நன்றியும் எழுதியிருந்தார்.

0417இன் நான்கை அழித்தேன்.
வெறுமையாக விட ஏலாது,
ஒன்றிலிருந்து ஏழு வரை ஓர் எண் இடவும் என்றது திரை.
ஆறு போட்டு அழித்தேன். இரண்டு போட்டு அழித்தேன்.
விரலில் நெத்தலி மணம் இன்னும் இருந்தது,
அல்லது இருந்ததாக நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரை மங்கி,
நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்டது.
ஓம், இல்லை என்று
இரண்டு பெட்டிகள்.