பேச்சு முடிந்த இடம்

பிரிட்டோரியாவில் ஜக்கரண்டா உதிரத் தொடங்கிய வாரம்
என் மேசைக்கு வந்தது அந்தக் கோப்பு.
எரிபொருள் கோல் துண்டுகள், ஏழு.
நாலரை வருடம் உலைக்குள் இருந்து ஓய்ந்தவை.
வடக்கே ஒரு குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு
அனுப்ப அனுமதி வேண்டி.

நோக்கம் என்ற கட்டத்தில்
யாரோ நேர்மையாக எழுதியிருந்தார்கள்:
உடைப்பதற்கு.

குளிர்நீரை நிறுத்திப் பார்ப்பார்களாம்.
சூட்டை ஏற்றி ஏற்றி
உறை எந்தக் கணத்தில் ஊதும், எங்கே கிழியும்,
கிழிந்த வாய் எவ்வளவு சிந்தும் என்று
சுவருக்குப் பின்னால் நின்று எண்ணுவார்களாம்.
அங்கே ஒன்று உடைந்தால்
வேறெங்கோ ஓர் உலையில் ஒன்று உடையாமல் இருக்கும்.
நல்ல காரியம்தான்.
நல்ல காரியத்துக்கும் மூன்று பிரதி வேண்டும்.

என் வேலை சந்தேகப்படுவது.
பதினோரு வருடமாகச் சம்பளம் வாங்கிச் சந்தேகப்படுகிறேன்.
வாங்குகிறவர் யார், அவருக்குப் பின்னால் யார்,
பெட்டி எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும்,
அப்போது காவலுக்கு யார், அவருக்குச் சாப்பாடு யார் கொண்டுபோவது.
ஒரு காலத்தில் ரகசியமாகக் குண்டு செய்து
பிறகு தானே பிரித்துப் போட்ட நாடு இது.
அந்த வெட்கம் எங்கள் படிவங்களில்
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
பொடி எழுத்தில் இருக்கிறது.

புதன்கிழமைக் கூட்டத்தில் வெளியுறவுக்காரர்
கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
"சரோஷ்னி, கப்பல் இருபத்தாறாம் தேதி."

கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.
எண்களுக்கு அந்த விதி தெரியாது.
லாடியத்தில் அன்றிரவு மின்வெட்டு.
கேஸ் அடுப்பின் நீல வெளிச்சத்தில்
புரட்டாசிக்கான பருப்பைக் கிண்டிக்கொண்டே
ஏழு எடைகளையும் மனத்துக்குள் கூட்டினேன்.
பெட்டிப் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு.
கடைசி இணைப்பில் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
மறுபடி கூட்டினேன்.
பருப்பு அடிப்பிடித்தது.

மூன்று தசமக் கிராம்.
அந்தப் பொருளின் கனத்துக்கு
ஒரு மிளகைவிடச் சிறியது.
மிளகு தொலைந்தால் யாரும் தேடமாட்டார்கள்.
இதற்கு வியன்னாவரை பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை பெலிண்டாபாவுக்கு வண்டியை விட்டேன்.
பேச்சு முடிந்தது என்று அர்த்தமாம் அந்தப் பெயருக்கு.
வாசல் காவலாளி என் பெயரை
மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்தார்.

கட்லெகோ மொகோயெனா சிரிக்கவில்லை, பதறவுமில்லை.
"நாலாவது கோலிலிருந்து ஒரு சீவல் எடுத்தோம்,
நுண்ணோக்கிக்கு. நோட்டில் எழுதியிருக்கிறேன்.
தட்டச்சு செய்யும்போது கரண்ட் போய்விட்டது.
அது எங்கும் போகவில்லை. தினமும் பார்க்கிறேன்."
தேன் நிறத் தடிக்கண்ணாடிக்கு அப்பால்
இரும்புக் கையை மெல்லத் திருப்பினாள்.
மூக்குத்திக் கல்லைத் தட்டான் தூக்கிக் காட்டுவதுபோல்
அதைத் தூக்கிக் காட்டினாள்.
கறுப்பு. மினுக்கம்கூட இல்லை.
இதற்காகவா நாற்பது கிலோமீட்டர்
என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கணக்கு சரியாயிற்று.
கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோதுதான்
திரும்புகை என்ற கட்டம் கண்ணில் பட்டது.
வெறுமை.
ஒரு சாய்கோடுகூட இல்லை.

உடைத்த பிறகு அந்தத் தூள் யாருடையது?
அவர்கள் மண்ணில் புதைப்பார்களா,
நம்முடையது என்று திருப்பி அனுப்புவார்களா?
உடைந்ததை ஏற்றிவர எந்தக் கப்பல் தேதி கொடுக்கும்?
எல்லோரும் உடைவதுவரை யோசித்திருந்தார்கள்.

கடிதத்தின் தலைப்பில்
பொருள்: பெலிண்டாபா என்று எழுதி
அடியில் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்.

இருபத்தாறாம் தேதி போய்விட்டது.
வெளியுறவுக்காரர் லிஃப்டில் என்னைப் பார்த்தால்
மாடிப்படி ஏறுகிறார்.
பதில் வரவில்லை.
ஏழு துண்டுகளும் ஒரு சீவலும்
இருந்த இடத்திலேயே ஆறிக்கொண்டிருக்கின்றன,
அவற்றின் கணக்கில் அது
இன்னும் தொடங்கவே இல்லை.