கழிப்பறைக் காவல்

மூன்று நாள் ஏலத்தில் என் வேலை
கழிப்பறைக்குத் துணை போவது.
ஒரு கம்பெனி ஆள் உள்ளே இருக்கையில்
இன்னொரு கம்பெனி ஆள்
நடைவழியில் தென்படக் கூடாது.
பேசினால் குற்றம்.
இருமினாலும் குறித்துக்கொள்வேன்:
10.42, நான்காம் அறை, இரண்டு இருமல்.

மபூட்டோவில் அன்று முப்பத்தெட்டு டிகிரி.
ஆணையத்தின் ஐந்தாம் மாடியில்
நான்கு அறை, நான்கு கணினி,
செய்தித்தாள் ஒட்டி மறைத்த சன்னல்.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவ ஆளில்லை.
சுத்தியல் இல்லை.
விற்கும் சரக்கை எவரும் தொட்டுப் பார்க்கவில்லை.
அலைக்கற்றை என்கிறார்கள்,
ஏதோ கதிர்க்கட்டு போல.
இந்நேரம் அது என் விலா எலும்புகளுக்கிடையே
போய்க்கொண்டிருக்கலாம்,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

முதல் அறை டுவார்ட்டே சிலெங்கே
ஒவ்வொரு சுற்றுக்கும் போய்விட்டு வருகிறார்.
சர்க்கரை வியாதியா, விலையா, தெரியவில்லை.
இரண்டாம் அறைக்குத் துபாயிலிருந்து வந்த பெண்
மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை.
மூன்றாம் அறைப் பையன் கை கழுவியபடி
கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்:
"பக்கத்து அறையில் இன்னும் ஆள் இருக்கிறார்களா?"
குறித்துக்கொண்டேன்.

முப்பத்தேழாம் சுற்றில் மின்சாரம் போயிற்று.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
நான்கு கதவும் ஒன்றாகத் திறக்க,
இந்த நாட்டுக் காற்றை வாங்க வந்த பதினொரு பேர்
காற்று வேண்டிப் படிக்கட்டுக்கு வந்தார்கள்.
ஒருவர் மூச்சு ஒருவர் பிடரியில்.
யாரும் பேசவில்லை. சட்டம்.
நான் பேசலாம்:
"கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்."
நான்கு கம்பெனியும் ஒரே கம்பியைப் பிடித்தன.
எல்லார் போனும் என் இடுப்பில் இடுக்கிய பெட்டிக்குள்.
என்னுடையதும்.
அதில் ஏதோ ஒன்று
மூன்று தரம் அதிர்ந்து அடங்கியது.
யாருடையதோ என்று இருந்துவிட்டேன்.

இணைப்பு இரண்டு, பக்கம் அறுபத்தொன்று:
கடைசித் தொகுதி. விலை மலிவு, கூடவே ஒரு கடமை.
ஐந்தாண்டுக்குள் இருபத்தாறு மாவட்டங்களில் கோபுரம்.
பதினேழாவது, ஓர் எழுத்து குறைந்து, மெக்குலா.
அங்கே என் தங்கை இஸ்மேனியா மருத்துவச்சி.
கரையான் புற்றின் மேல் ஏறிக்
கிழக்கே பார்த்து நின்றால்
போனில் ஒரு கோடு வரும், போகும்.
பேச முடியாது. அடித்து வைக்கலாம்.
ஒரு தரம் என்றால் நலம்.
ரெண்டு தரம், பணம் அனுப்பு.
மூன்றுக்கு நாங்கள் எதுவும் பேசி வைக்கவில்லை.

ஐம்பத்திரண்டாம் சுற்றில் எல்லாம் முடிந்தது.
நகரங்கள் நல்ல விலைக்குப் போயின.
கடைசித் தொகுதிக்கு நேரே, திரையில், பூஜ்யம்.
இனிப் பேசலாம் என்றதும்
எல்லாரும் பேசினார்கள், கழிப்பறைக்குள்ளேயே,
குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு.
சிலெங்கே வெளியே வந்து
என் கையில் நூறு மெட்டிக்கல் வைத்தார்.
மறுத்தேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

போன்களைத் திருப்பிக் கொடுத்த பின்
பெட்டியில் மிஞ்சியது என்னுடையது.
திருப்பி அடித்தேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றாள்
அந்தப் பெண், வழக்கமான இனிப்போடு.
பதிவேட்டில் ஒரு வரிக்கு இடம் இருந்தது.
12.06. 12.06. 12.07.
அறை எண் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.